சுருண்ட இலையையும் பறியுங்கள்

புதிதாக இலை பறிக்கும் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கையில் கொடுத்திருக்கும் ஐஸ் பெட்டி நான் தூக்கியதைவிட இலேசானது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். என் காலத்துப் பெட்டி காலியாக இருந்தாலே ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ராசிங்காபுரத்து வரப்பில் நடந்தால் களையெடுக்கும் பெண்கள் நிமிர்ந்து, "என்னண்ணே, குச்சி ஐஸா, கப் ஐஸா?" என்பார்கள். வெண்டை இலை என்று சொன்னால் சிரிப்பு இன்னும் கூடும். "நாங்க பிடுங்கி எறியுற சீக்குச் செடிய நீங்க ஐஸ் வச்சுக் கொண்டுபோறீங்க. எந்த ஊர்ல விருந்து?"

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆய்வுத் திட்டத்துக்கு ஜீப் ஓட்டத்தான் வந்தேன். வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கூடவே இறங்கி நடந்து, கேட்டுக் கேட்டு இலை பறிக்கப் பழகினேன். இப்போது வேலை முடிந்து வீட்டில் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் போடி மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று வாசலில் வந்து பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. மேகம் இறங்கினால் இலை ஈரமாக இருக்கும், துடைத்துத்தான் பையில் போட வேண்டும். துடைப்பதற்கு இப்போது இலை ஏது? ஆனாலும் பார்க்கிறேன்.

இலையை எப்படிக் கிள்ளுவது, பையில் என்ன எழுதுவது என்பதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். அதற்குள் நான் புகவில்லை. ஆனால் ஒரு நாள் உங்களை ஊர்க்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு, "ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் யாரோ ஒருவருடைய பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அது மைதீன் பாய் கடை வாசலில் நடந்தது.

மைதீன் பாய் போடியில் விதைக்கடை வைத்திருந்தார். ஏலக்காய் மணக்கும் தெரு. அந்த மணத்துக்கு நடுவில் அவர் கடையில் மட்டும் விதைக்குப் போடும் மருந்து வாசனை. விதை பாக்கெட்டில் கம்பெனிக்காரன் அச்சடித்திருப்பதை யாரும் படிப்பதில்லை. பாய் என்ன சொல்கிறார் என்பதுதான் கணக்கு. "நான் சொல்றேன், போடு" என்று அவர் சொல்லிவிட்டால் தேவாரம் ஊர் வரைக்கும் அந்த விதைதான் விழும். 

அந்த வருஷம் ஒரு வெண்டை விதை வந்திருந்தது. மஞ்சள் நோயைத் தாங்கும் விதை. உங்களுக்குத் தெரியும், இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, பிறகு இலையே மஞ்சளாகி, காயும் வெளுத்துப் போகும் நோய். வெள்ளை ஈ ஒரு செடியில் உறிஞ்சி இன்னொரு செடியில் உட்காரும்போது அந்த வைரஸும் கூடவே போய் இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் அதைச் 'செடிக்கு மஞ்சக்காமாலை' என்பார்கள். வெண்டைக்கு என்ன வந்தாலும் அவர்களுக்கு அது மஞ்சக்காமாலைதான். பாய் அந்த விதையைக் கையில் எடுத்து, "நான் சொல்றேன், போடு" என்றார். எல்லாரும் போட்டார்கள்.

பூ வைக்கும் பருவத்தில் எனக்கு போன் வந்தது. ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாள் அக்கா. குத்தகைக்கு நிலம் பிடித்து வெண்டை போடுகிறவர். அவர் வயலில் நான் வருஷா வருஷம் இலை பறித்திருக்கிறேன்.

"தம்பி, வெரசா பாய் கடைக்கு வா. உன் வாயால ஒரு வார்த்தை வேணும்."

போனேன். கடை வாசலில் கூட்டம். வேரோடு பிடுங்கிய வெண்டைச் செடிகள் படியில், தராசுத் தட்டில், பாய் உட்காரும் நாற்காலியில். கூட்டத்துக்கு முன்னால் வேலுச்சாமி நின்றான். அக்காவின் தங்கை மகன், பக்கத்து வயல்காரன், கோபம் சட்டென்று வரும் பையன். அவன் கையில் அப்போதுதான் வாங்கிய புதுப் பூட்டு.

"ஐஸ்காரண்ணே வந்துட்டாரு. அவரே சொல்லட்டும்" என்றான். ஒரு செடியை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "இது மஞ்ச நோயா, இல்லையா?"

"மஞ்ச நோய்தான். ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். மஞ்ச நோய் வராதுன்னு குடுத்த விதை. வந்துருச்சு. அப்ப போலி. அம்புட்டுத்தான், பூட்டுங்கப்பா."

என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் இருந்தது. 'இந்த வைரஸ் விதை வழியாக வருவதில்லை.' மேடம் எனக்குப் பல தடவை சொல்லியிருந்தார். மேடம் என்றால் எங்கள் ஆய்வகத்தில் வைரஸ்களைப் பிரித்துப் பார்க்கிறவர். அந்த வாக்கியம் உண்மைதான். ஆனால் அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. நோய் விதையில் வந்ததா என்பது அல்ல அவர்கள் கேள்வி. தாங்கும் என்று கொடுத்த விதை ஏன் தாங்கவில்லை என்பதுதான். கேட்காத கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு அது வக்காலத்தாகத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

பாய்தான் எழுந்தார். வேலுச்சாமி கையிலிருந்த பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சரிப்படாது வேலு. ஒரு மழைக்குத் துருப்பிடிச்சிரும். எங்கிட்டயே நல்ல பூட்டு இருக்கு."

கூட்டத்தில் ஒருவர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். பாய் தராசில் கிடந்த செடிகளை எடுத்து ஓரமாக வைத்தார், ஷட்டரை இழுத்தார், தன் பூட்டைப் போட்டார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்த்தார். வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை.

"பேச்சி, நீ வச்சுக்க."

"எனக்கு எதுக்குய்யா உன் கடைச் சாவி?"

"நான் போலி வித்தேன்னு தெரிஞ்சா நீயே வச்சுக்க. இல்லேன்னு தெரிஞ்சா கொண்டாந்து குடு. அதுவரைக்கும் நான் வெளியில உட்காந்திருக்கேன்."

அக்கா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அது எப்பேர்ப்பட்ட பந்தயம் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தக்காளிக்கும் கத்தரிக்கும் நாற்று விடும் பருவம் அது. அதைவிட, போலி விதைக்காரன் என்று ஒரு தடவை பெயர் விழுந்தால் அப்புறம் அந்தக் கடைப் படியை ஒருவரும் மிதிக்க மாட்டார்கள். பாய் தன் ஆயுசுக்கும் சேர்த்த பெயரைத்தான் அந்தச் சாவியோடு கொடுத்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "எல்லாரும் வயலுக்கு வாங்க. பாயும் வரட்டும். உங்க கண்ணு முன்னாடி இலை பறிச்சு ஆய்வகத்துக்கு அனுப்புறேன். அது என்ன சொல்லுதோ அத உங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்றேன்."

போனோம், பறித்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் பறிக்கும் விதத்தில்தான் பறித்தேன். இருப்பதிலேயே பொன்னாக மஞ்சள் பிடித்த இலை, ஓட்டையில்லாமல், பூச்சி கடிக்காமல், படம் எடுத்தால் பளிச்சென்று இருக்கும் இலை. பெட்டியை அன்றே பஸ்சில் ஏற்றிவிட்டேன்.

பாய் சொன்னது போலவே பூட்டிய கடைக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். விதை கேட்டு வருகிறவர்களிடம், "சாவி எங்கிட்ட இல்ல அப்பு. அந்தா, மூலைக் கடையில நல்ல நாத்து விதை இருக்கு, போ" என்று கையைக் காட்டுவார். எனக்குத்தான் அந்தத் தெரு வழியாக ஜீப்பை ஓட்டிப் போகக் கால் கூசியது.

மேடத்திடமிருந்து போன் வந்தது. "நீங்க அனுப்பினது எல்லாத்துலயும் பழைய ஆளுதான் இருக்கான். நமக்குப் பல வருஷமாத் தெரிஞ்ச அதே மஞ்சள் நரம்பு வைரஸ்."

பழைய வைரஸைத் தாங்கும் விதையில் அதே பழைய வைரஸ் என்றால், விதை போலி. பாய் தீர்ந்தார்.

மேடம் போனை வைக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். அந்த வயல்ல எல்லாச் செடியும் இப்படித்தான் மஞ்சளா இருக்கா?"

"இல்லங்கம்மா. மஞ்சள் அங்கொண்ணு இங்கொண்ணுதான். பெரும்பாலும் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கிட்டு, குட்டையா நிக்குது."

"அத ஏன் பறிக்கல?"

"அது பார்க்க நல்லா இல்லம்மா."

அந்தம்மா சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "பெண்ணுக்குத் தலையில வைக்கப் பூவா பறிக்கிறீங்க? நல்லா இருக்கணுமாம்!" சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "எல்லா ஊர்லயிருந்தும் எனக்கு வர்றது மஞ்சள் இலைதான். அத வச்சுக்கிட்டு, இந்த மாவட்டம் முழுக்க ஒரே வகைதான் இருக்குன்னு நானும் சொல்லிக்கிட்டிருக்கேன். சுருண்டத எடுங்க, ரெண்டும் சேர்ந்தத எடுங்க, நோயே இல்லாதது மாதிரி இருக்கிறதையும் எடுங்க. பக்கத்துல களை நின்னா அதையும்."

வைரஸ்களை வெளியில் பார்த்து இன்னார் என்று சொல்ல முடியாது, தம்பிகளா. உள்ளே இருக்கும் மரபணுவைப் படித்தால்தான் வகை தெரியும். ஆனால் எதைப் படிப்பது என்பதை வயலில் நம் கைதான் முடிவு செய்கிறது. மேடம் ஒருநாளும் இதை இப்படிப் பாடமாகச் சொன்னதில்லை. அந்தச் சிரிப்போடு சரி.

போனை வைப்பதற்கு முன் கேட்டேன். "இப்ப வந்த முடிவ ஊர்ல சொல்லவாம்மா, வேணாமா?"

"உங்க ஊரு, உங்க ஆளுங்க. ஆனா இது வந்தத நீங்க மறைச்சது பின்னால தெரிஞ்சா, அடுத்து வர்ற முடிவ ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

அன்று சாயங்காலம் வரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் பாய் பெயர் அன்றே போகும். சொல்லாவிட்டால் நான் பாயின் ஆள். கடைசியில் முதலில் பாயிடமே போனேன். முக்காலியில் இருந்தவர் முழுதும் கேட்டார்.

"அப்ப நான் பொய்யத்தான் வித்துட்டேனா?"

"அப்படி இல்லண்ணே. இது பாதிதான். மறுபடி பறிக்கணும்."

"பாதின்னாலும் போய்ச் சொல்லிரு. நான் உன் வாயக் கட்டினேன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. வா, முதல்ல டீயக் குடி."

ராசிங்காபுரத்தில் பேச்சியம்மாள் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "முடிவு வந்துருச்சுங்கிற. பாய்க்கு எதிரா வந்துருக்குங்கிற. அப்புறம் பத்தாதுங்கிற. ஏந்தம்பி, பாய் டீ வாங்கிக் குடுத்தாரா?"

"குடுத்தாருக்கா. உங்க வீட்ல மோரும் குடிச்சிருக்கேன். ரெண்டும் இந்த வயித்துலதான் கிடக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சப் பாரு. சரி, இந்தத் தடவ நான் பறிக்கிறேன். நீ பைய மட்டும் புடி. அப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

அதைவிட நல்ல யோசனை எனக்கு வந்திருக்காது. மறுநாள் அக்கா பறித்தார். சுருண்டது, முறுக்கியது, பச்சையாய் இருந்தது என்று வரிசை வரிசையாகக் கிள்ளினார். ஒரு சுருண்ட இலையைத் திருப்பிப் பார்த்து நின்றுவிட்டார். அடியில் நரம்பு நெடுகச் சின்னச் சின்னதாக இலை போல ஏதோ முளைத்திருந்தது.

"என்ன கூத்து இது, இலைக்கு அடியில குட்டி இலை!"

அப்படியே பறித்துக்கொண்டே வயல் கடைசிக்கு வந்துவிட்டோம். அங்கே போன போகத்து வெண்டை பிடுங்காமல் நின்றது. ஆள் உயரத்துக்கு மரமாய் முற்றி, உச்சியில் மட்டும் பிஞ்சு வைத்துக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் ரோட்டில் ஜீப் வந்து நின்றது. மலையிலிருந்து இறங்கும் ஜீப்.

ஏலக்காய் எடுப்புக் காலத்தில் எங்கள் அடிவாரத்து ஊர்களில் பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் மலைத் தோட்டங்களுக்கு ஏறிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. கீழே முடிந்துபோன வெண்டையைப் பிடுங்கக் கூட ஆள் கிடைக்காது. ஆள் கிடைத்தாலும் பிடுங்க மாட்டார்கள். சந்தைக்குப் பறித்து முடிந்ததும் அந்தச் செடிகளை ஜீப்புப் பெண்களுக்கென்று விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இறங்கி வரும்போது யார் வயலிலும் புகுந்து ராத்திரிக் குழம்புக்கு ஒரு மடி காய் பறித்துக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். பேச்சியம்மாள் அக்காவே குத்தகைக்கு நிலம் பிடிக்கும் முன் வருஷக்கணக்காக அந்த ஜீப்பில் போனவர். அதனால் அவர் வயலில்தான் பழைய வெண்டை எல்லாருக்கும் கடைசி வரை நிற்கும்.

பெண்கள் இறங்கினார்கள். புடவையெல்லாம் ஏலக்காய் வாசம், கையில் தூக்குவாளி. முன்னால் வந்த செல்வி என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஐஸ்காரரு எங்க காய்க்கும் பங்குக்கு வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு செடியை வளைத்தாள்.

செடி ஆடியது. அரிசி மாவைக் கையில் அள்ளி ஊதினால் எப்படிப் பறக்கும், அப்படி வெள்ளை ஈ பறந்தது. பறந்து போய், காற்று போன பக்கம், அக்காவின் புது வெண்டையில் இறங்கியது.

அக்கா அந்த ஈ இறங்கிய இடத்தையே பார்த்தார். பிறகு பழைய செடியில் ஓர் இலையைத் திருப்பினார். அடியில் குட்டி இலை. இன்னொன்றைத் திருப்பினார். அதிலும். சாவி முடிந்திருந்த முந்தானையை ஒரு தடவை இறுக்கிக்கொண்டு, அந்த இலைகளைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.

"இதையும் போடு பையில."

அக்கா நீட்டாமல் இருந்திருந்தால் நானாகக் கேட்டிருப்பேனா என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. பதில் எதுவாக இருந்தாலும், நீட்டியவர் அவர்தான்.

இந்த முறை மேடம் போனில் நிறைய நேரம் பேசினார். மறுநாள் பூட்டிய கடைக்கு முன்னால் எல்லாரும் கூடினார்கள். எடுப்புக்கு லீவு நாள் என்பதால் செல்வியும் ஜீப்புப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பாய் முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். நான் உட்காரவில்லை.

"சுருண்ட செடியில இருக்கிறது பழைய மஞ்சள் வைரஸ் இல்ல" என்றேன். "அது வேற வகை. இந்த விதை மஞ்சளுக்குத்தான் தாங்கும்னு வந்தது. மஞ்சள் உங்க வயல்ல அங்கொண்ணு இங்கொண்ணுதான். அந்த மட்டுக்கு விதை தாங்கியிருக்கு. உங்களக் கவுத்தது சுருட்டுற வகை. ரெண்டையும் நாம ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிடுறோம்."

"ஒரு செடிக்கு எத்தன சீக்குய்யா!" என்றார் ஒரு பெரியவர்.

"இன்னும் இருக்குங்கய்யா. ரெண்டும் கலந்து மூணாவது ஒண்ணும் இருக்கு."

"அதெப்படிக் கலக்கும்? சோறா, கொழம்பா?" என்றான் வேலுச்சாமி.

மேடம் எனக்கு மரபணு துண்டாகி ஒட்டுவதைப் பற்றிச் சொல்லியிருந்தார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திணறியபோது செல்வி கையில் இருந்த தூக்குவாளி கண்ணில் பட்டது.

"செல்வி, நீங்க ஜீப்புல நெருக்கிக்கிட்டு வர்றப்ப தூக்குவாளி மாறிப்போயிருக்கா?"

"ஏண்ணே, இன்னிக்கும் மாறித்தான் கிடக்கு. வாளி என்னது, மூடி யாருதோ. சாம்பார் சிந்தி நாறுது."

"அதேதான். நெருக்கி ஏறினாத்தான் மூடி மாறும். ஒரே செடிக்குள்ள ரெண்டு வகை நெருக்கிக்கிட்டு நாள்கணக்கா இருந்தா, இதோட வாளியில அதோட மூடி ஏறி, புதுசா ஒண்ணு கிளம்பும். அப்படி நெருக்கி இருக்கிறது பிடுங்காம நிக்கிற பழைய வெண்டையில. அங்க இருந்த அதே கலப்பு, புது வயல்லயும் இருக்கு."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். வேலுச்சாமி மெதுவாகத் திரும்பினான். "அப்ப எங்க பெரியம்மா வயல்லருந்துதான் எல்லாத்துக்கும் வந்துச்சுங்கிறீங்களா?"

எல்லார் கண்ணும் அக்கா மேல் போனது. பாயின் மேல் இருந்த பழியைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைக்க ஒரு விநாடி போதும். அதற்கும் என்னுடைய ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

"உன் கிணத்துமேட்டுலயும் பழைய வெண்டை நிக்குது வேலு. இங்க நிக்கிற யார் வயல்ல இல்ல? எதுலருந்து எதுக்குப் போச்சுன்னு எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது."

அக்கா யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் பாயிடம் நீட்டினார். "இந்தாய்யா. என்னத்தச் சொல்றதுன்னு தெரியல."

"ஒண்ணும் சொல்லாத. மொதல்ல கதவத் தொறப்போம், உள்ள எலி என்ன பண்ணி வச்சிருக்கோ" என்றார் பாய்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. ஷட்டர் ஏறியதும் கூட்டம் பழைய மாதிரி படியில் ஏறியது. அடுத்த போகத்துக்கு வெண்டை விதை கொடுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பாய் விதைப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வெண்டை விதை இல்ல."

"அந்தா இருக்கே, பாய்!"

"இருக்கு. பழைய வெண்டை நிக்கிற வயலுக்கு இல்ல. பிடுங்கிட்டு வாங்க, தர்றேன்."

"பூட்டத் தொறந்துவிட்டதும் கொழுப்பப் பாரு" என்றான் வேலுச்சாமி. "பிடுங்க ஆளுக்கு எங்க போறது? எல்லாரும் மலையில கிடக்காங்க. நாங்க மூலைக் கடையில வாங்கிக்கிறோம்."

போனார்கள். நன்றாக நினைவிருக்கிறது, கடை திறந்த அன்றுதான் அந்தக் கடை நிஜமாகவே காலியாக இருந்தது. நான் பாயிடம் மெல்லச் சொன்னேன். "ஏண்ணே, இப்பத்தான் பேரு திரும்பி வந்துச்சு."

"அதனாலதான் மாப்ளே" என்றார்.

ஜீப்புப் பெண்கள் பக்கம் வேறு சங்கடம். பழைய வெண்டையைப் பிடுங்கினால் அவர்கள் ராத்திரிக் குழம்புக்கு என்ன வழி? பேச்சியம்மாள் அக்கா சாயங்காலம் ரோட்டில் நின்று ஜீப்பை மறித்துத் தானே பேசினார்.

"வெண்டையப் பிடுங்கப் போறேன்டி. வரப்பு நெடுக உங்களுக்குன்னு சீனியவரை ஊனியிருக்கேன். அது காய்க்கிற வரைக்கும் கத்தரிக்காய் பறிச்சுக்கங்க."

கொத்தவரையைத்தான் எங்கள் பக்கம் சீனியவரை என்போம்.

"சீனியவரையா?" என்றாள் செல்வி. "அக்கா, எங்க மாமியாளுக்கு வாயுக்கோளாறு. வீட்ல படுக்க முடியாது."

ஜீப்பே குலுங்கியது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். சிரித்து ஓய்ந்ததும் செல்விதான் கேட்டாள். "ஆமா, பிடுங்க ஆளு இருக்கா ஒனக்கு?"

"ஆளு எங்க இருக்கு?"

"நாங்க தின்ன செடிதான. லீவு அன்னிக்கு வர்றோம். சோறு மட்டும் ஆக்கி வையி."

வந்தார்கள். ஏலக்காய்ச் செடியில் கை பழகிய பெண்கள் வெண்டை மரங்களையும் சுருண்டுபோன புது வெண்டையையும் வேரோடு பிடுங்கி, ஈ பறக்காமல் சாக்கில் திணித்து, குழியில் போட்டு மூடினார்கள். நானும் ஒரு சாக்குப் பிடித்தேன். ஜீப் ஓட்ட வந்த காலத்திலிருந்து அந்த வயல்களில் நடந்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது மலை அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

அன்று மாலையே அக்கா என் ஜீப்பில் ஏறிப் போடிக்கு வந்தார். கடையில் போய், "பிடுங்கியாச்சு. வந்து பாரு" என்றார். வேலுச்சாமி ஏதோ உரம் வாங்க வந்தவன் அங்கே நின்றிருந்தான். பாய் மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். வேலுச்சாமியும் தன் வண்டியில் வந்தான், வேடிக்கைக்கு. வெறும் மண்ணாகக் கிடந்த வயலைப் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றினார். மோட்டார் ரூம் சுவருக்குப் பின்னால் ஒரே ஒரு செடி தப்பி நின்றது. குனிந்து பிடுங்கி, குழி மண்ணைக் காலால் ஒதுக்கி, உள்ளே போட்டு மூடினார். பிறகு மொபெட் பையிலிருந்து விதைப் பாக்கெட்டை எடுத்தார். எடுத்ததும் கொடுத்துவிடவில்லை.

"ஆத்தா, இது மஞ்சளத் தாங்கும். அத நான் சொல்றேன். சுருட்டுறதத் தாங்குமா, கலந்து வந்ததத் தாங்குமான்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் தர்றேன்."

"தெரியாமத் தர்றதுக்கு எதுக்கு பாய் கடை வச்சிருக்க?" என்றான் வேலுச்சாமி.

அக்கா அவன் பக்கம் திரும்பினார். "டேய், மூலைக் கடையில எல்லாத்தையும் தாங்கும்னுதான வாங்கிட்டு வந்த? போய் அதப் போடு. எனக்குத் தெரியாதுன்னு சொல்றவரு விதை போதும்." பாக்கெட்டை வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டார்.

வேலுச்சாமி மண்ணைக் காலால் கிளறினான். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான். "அந்த விதைய நான் இன்னும் போடல. கிணத்துமேட்டுல பழைய வெண்டை ஒரு துண்டுதான் நிக்குது. நாளைக்குப் பிடுங்கிருவேன். எனக்கும் ஒரு பாக்கெட் எடுத்து வைங்க பாய்."

"பிடுங்கு, வந்து பாக்குறேன்" என்றார் பாய். மொபெட்டைக் கிளப்பியவர், கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திக் கத்தினார். "நாளைக்கு எதுக்குடா? வெளிச்சம் இன்னும் இருக்குல்ல, இப்பவே வா!"